துவக்குக்கு வைத்த பொட்டு

சம்பந்தியின் தோள்மூட்டை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் துவக்குப் பேச்சு தொடங்கியது.

துவக்கு என்றால் துப்பாக்கி; சம்பந்தி என்றால் என் மகளுடைய மாமனார். ஃப்ரிபூர்க்கிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமத்தில் தச்சு வேலை செய்து ஓய்ந்தவர். மனைவி இறந்துபோனார். கீழ்வீட்டில் அவர் தனியாக இருந்தார். மேல்வீட்டில் மகள், மருமகன், நான். அவர் பேசுவது சுவிஸ் ஜெர்மன். நான் பேசுவது தமிழ். சுவிசில் எத்தனையோ வருடம் முதியோர் விடுதியில் துணி தோய்த்தும் என் வாயில் ஜெர்மன் ஏறவில்லை. ஏறியதையும் வெட்கத்தில் விழுங்கிவிடுவேன். ஆனாலும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது. அவர் வால்நட் பொறுக்கினால் ஒரு கூடை என் படியில் இருக்கும். நான் மீன் ரோல்ஸ் பொரித்தால் ஒரு தட்டு அவர் மேசையில் இருக்கும். தன் மகன் என்னை மாமி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் மாமி என்றே கூப்பிடுவார். கோயிலில் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டபோது பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சம்பந்தி சம்பந்தியை மாமி என்பதா என்று. நான் அவரைத் திருத்தப் போகவில்லை.

அவர் சிறுவயதிலிருந்தே வேட்டைக்காரர். இலையுதிர் காலம் வந்தால் அவருக்குக் கால் வீட்டில் தங்காது. தோள் வெட்டிய பிறகு இரண்டு இலையுதிர் காலங்கள் அவர் யன்னலடியில் இருந்து காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய இரட்டைக்குழல் துவக்கு தோளில் இடிக்கும், அதை இனித் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மெல்ல இடிக்கிற துவக்கு இருந்தால் போகலாம் என்றும் அதே டொக்டர்தான் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருடம் என் மகள் வேட்டைச் சோதினை எடுத்துத் தேறியிருந்தாள். மாமனாருக்குப் பக்கத்தில் ஒருமுறையாவது காட்டில் நிற்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. எனக்கு அது பிடிக்கவில்லை. இலங்கையில் துவக்குக்குப் பயந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் நான்.

"இந்தக் குலத்திலை ஆர் பிள்ளை துவக்குத் தூக்கினது?" என்று கேட்டேன்.

"வள்ளி வேடர் வீட்டுப் பிள்ளைதானே அம்மா. முருகனே தேடிப்போய்க் கட்டினவர்."

"வள்ளி தினைப்புனத்திலை கிளி கலைச்சவ. துவக்குத் தூக்கேல்லை."

"கவண் எறிஞ்சவதானே? அந்தக் காலத்துத் துவக்கு அதுதான்."

அவளோடு கதைத்து வெல்ல முடியாது.

செமி ஒட்டோமற்றிக் துவக்கு ஒன்று வாங்குவதென்று முடிவானது. மருமகன் எனக்கு விளங்கப்படுத்தினார். வெடிக்கிற புகையில் கொஞ்சத்தை அது திருப்பி எடுத்து அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளுமாம். அப்படிச் செய்வதால் தோளில் இடிப்பது குறையுமாம். ஒரே துவக்கை மூன்று பேரும் வைத்துக்கொள்ளலாம்; வெயில் காலத்தில் மண் புறா சுடலாம், இலையுதிர் காலத்தில் காட்டுக்குக் கொண்டுபோகலாம். மண் புறா என்றால் புறா இல்லை. களிமண்ணில் செய்த சின்னத் தட்டு. பொறியொன்று அதை வானத்தில் வீசும், பறக்கும்போது சுடுவார்கள்.

பொலிஸ் அனுமதி கிடைத்த பிறகு ஒரு சனிக்கிழமை நகரத்துத் துவக்குக் கடைக்குப் புறப்பட்டார்கள். மகள் என்னையும் கூப்பிட்டாள்.

"துவக்குக் கடைக்கு நான் என்னத்துக்கு?"

"திரும்பி வரேக்கை தமிழ்க் கடைக்குப் போவம் அம்மா. முருங்கைக்காய் வந்திருக்காம்."

முருங்கைக்காய்க்காகப் போனேன். காருக்குள்ளேயே இருப்பதாகத்தான் எண்ணம். ஆனால் குளிர். உள்ளே போய் வாசலோடு நின்றேன். கடை முழுவதும் ஒரு எண்ணெய் மணம். அந்த மணம் எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் ஒழுங்கையில் துவக்கோடு சோதனைக்கு வந்து நிற்பவர்களிடமிருந்து வருவது. ஊரில் சண்டை முடிந்து அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. என் தங்கை வீட்டில் பாதிப்பேர் இல்லாமல் போனது அந்தக் கடைசி மாதங்களில்தான். நான் சுவிசில் ஒரு துவக்குக் கடையில் குளிர் காய்ந்துகொண்டு நின்றேன்.

கடைக்காரர் இரண்டு துவக்குகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று இத்தாலியில் செய்தது, ஒருவர் பாவித்தது. மற்றது துருக்கியில் செய்தது, புதியது, அதைவிட மலிவு. துருக்கித் துவக்கின் பிடிக்குள் வைக்கிற சின்னச் சின்னத் தகடுகளும் கூட வந்தன. தகட்டை மாற்றினால் உயரமான மருமகனுக்கும் பொருந்தும், என் மகளைப் போலக் கட்டையானவளுக்கும் பொருந்தும். காட்டுக்குக் கொண்டுபோகும்போது தோட்டா அதிகம் கொள்ளாமல் தோட்டா நிற்கிற குழாய்க்குள் ஒரு கட்டை போடவேண்டும் என்றும் காட்டினார். மகள் எனக்குப் பக்கத்தில் நின்று தமிழாக்கினாள்.

"மலிவெண்டு கூடாததில்லையாம். துப்புரவா வைச்சிருக்கவேணுமாம், ஊத்தை பட்டாக் கோவிக்குமாம். புதுசிலை பெலன் குறைஞ்ச தோட்டா போட்டாலும் சிலநேரம் இறுகிப்போகுமாம்."

மருமகன் இதைத் தூக்குவார், அதைத் தூக்குவார், முடிவெடுக்க மாட்டார். சம்பந்தி துருக்கித் துவக்கை எடுத்துத் தோளில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு திறந்தார். இரண்டு வருடமாக நான் பார்க்காத முகம் அது. அவர் மகனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்க்கவில்லை. வாசலோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"மாமி, கூட்?"

நல்லதா என்று கேட்கிறார். கடைக்காரர் உட்பட எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"ஓம்," என்றேன். "கூட்."

அதோடு முடிவானது. ஒரு துவக்கை நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன் என்று இன்றைக்கும் எனக்குள் இருப்பது அதனால்தான். அந்தச் சந்தோசத்தில் மேசைக்குப் போய்ப் பிடியின் மரத்தைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். வால்நட் மரம் என்று சம்பந்தி சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் மகளிடம் ஏதோ கேட்டார். மகளின் முகம் மாறியது.

"அம்மா, தொடாதேங்கோ. உங்களிட்டை இலங்கைப் பாஸ்போட்தானே. இஞ்சை அந்தப் பாஸ்போட் உள்ளாக்கள் துவக்கு வைச்சிருக்கவும் ஏலாது, தூக்கவும் ஏலாதாம். சட்டமாம்."

கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். களவெடுக்கப் போய்ப் பிடிபட்டதுபோல இருந்தது. சுவிஸ் பாஸ்போட்டுக்கு மகளைப் போல நான் கேட்கவே இல்லை. மேசைக்கு முன்னால் இருத்தி வைத்து ஜெர்மனில் கேள்வி கேட்பார்கள் என்ற பயம்.

அன்றைக்குக் காரின் பின்னால் துவக்குப் பெட்டியும் அதற்குப் பக்கத்தில் முருங்கைக்காயும் வந்தன. தோட்டாக்களை வேறு பையில் தன் காலடியில் வைத்திருந்தாள் மகள்.

வெயில் காலம் முழுவதும் ஞாயிறு பின்னேரங்களில் மண் புறா சுடப் போனோம். நான் துவக்கைத் தொடக்கூடாது, ஆனால் தட்டை வீசுகிற பொறியின் பட்டனைத் தொடலாம். சுடுகிறவர் "ஹொப்" என்றதும் அந்தப் பட்டனை அமத்தவேண்டும், தட்டு பறக்கும். முதலில் காதைப் பொத்திக்கொண்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஒருநாள் பட்டனை என் கையில் தந்தார்கள். "ஹொப்" என்று அவர்கள் சொல்லி முடிக்கிறதுக்குள் நான் அமத்திவிடுவேன். தட்டு வானத்தில் தூளாகிப் போகும்போது நான் சிரித்தேன் என்று மகள் சொன்னாள். சிரித்திருப்பேன். தங்கை ஒருமுறை ஊரிலிருந்து அந்த நேரத்தில் போன் எடுத்துவிட்டாள்.

"என்னக்கா அது சத்தம்?"

"பக்கத்திலை ஏதோ கலியாண வீடு, வெடி கொளுத்துகினம்."

"எனக்கு நெஞ்சு இடிக்குதக்கா, வைக்கிறன்," என்று வைத்துவிட்டாள். அதன்பிறகு ஞாயிறுகளில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். பட்டன் அமத்துவதை மட்டும் விடவில்லை.

நவராத்திரி வந்தது. கடைசி நாளில் படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து ஆயுதங்களை வைப்போம். மகளின் கம்பியூட்டர், என் தையல் மெசின், மருமகனின் சைக்கிள் சாவி, சம்பந்தியின் இழைப்புளி. சம்பந்திக்கு இந்தப் பூசையில் அப்படி ஒரு விருப்பம். வருடாவருடம் இழைப்புளியைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தானே கொண்டுவருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், பிறகு அவலும் கடலையும் சாப்பிடுவார்.

"சாமானுக்கும் ஒரு நாள் லீவு. நல்ல சட்டம்," என்று சொல்லுவாராம்.

அந்த வருடம் துவக்கையும் வைக்கலாமோ என்று அவர்தான் கேட்டார். அடுத்த நாள் விஜயதசமி. அன்றைக்குத்தான் அவர் காட்டுக்குப் போக இருந்தார். நல்ல காரியம் தொடங்குகிற நாள் அது என்று மகள் சொல்லிவைத்திருந்தாள்.

மகள் துவக்கைக் கொண்டுவந்து துணியில் வைத்தாள். உள்ளே தோட்டா இல்லை என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக அதன் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்தபடி வைத்தாள். அப்படித்தான் வைக்கவேண்டுமாம்.

"அம்மா, நீங்கள் தூக்கக் கூடாது. பொட்டை மட்டும் வையுங்கோ. முடிய உடனே பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டவேணும்."

நான் விரலால் பிடியில் ஒரு பொட்டு வைத்தேன். சந்தனம், அதன்மேல் குங்குமம். குழலில் ஒன்று. அப்போது அடுப்பில் கடலை தீய்கிற மணம் வந்தது. மகள் குசினிக்கு ஓடினாள்.

நான் துவக்கைப் பார்த்தேன். தையல் மெசினுக்குப் பொட்டு வைக்கும்போது நான் மூடியில் மட்டும் வைப்பதில்லை, ஊசி ஏறி இறங்குகிற தண்டில் வைப்பேன். ஒரு சாமான் எந்த இடத்தில் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்குத்தானே பொட்டு. பிடி என்ன வேலை செய்கிறது? குழல் என்ன வேலை செய்கிறது? திறந்திருந்த கதவுக்குள்ளே பளபளவென்று ஓர் இரும்பு தெரிந்தது. அதுதான் முன்னும் பின்னும் ஓடி அடுத்த தோட்டாவை ஏற்றுவது என்று மருமகன் காட்டியிருந்தார். அந்த மனிசன் நாளைக்குத் தோளோடு நல்லபடி திரும்பி வரவேண்டும், என் பிள்ளை பக்கத்தில் நிற்பாள், அவளுக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. விரல் நிறையச் சந்தனத்தைத் தொட்டு அந்த இரும்பில் அப்பினேன். அதன்மேல் குங்குமம் வைத்தேன். கொஞ்சம் உள்ளே உதிர்ந்தது.

மகள் திரும்பி வந்து கற்பூரம் காட்டினாள். சம்பந்தி தலையைக் குனிந்து நின்றார். பிறகு மகள் வெளியில் இருந்த இரண்டு பொட்டையும் துணியால் துடைத்து, கதவை மூடி, கொண்டுபோய்ப் பூட்டினாள். உள்ளே வைத்ததை நான் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. சொல்லவேண்டிய ஒன்றாக அது எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

விடியமுன்னமே மூன்று பேரும் போனார்கள். நான் அவர்களுக்கென்று புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வருவதாகச் சொன்னவர்கள் பொழுது படுகிற நேரத்தில்தான் வந்தார்கள். சம்பந்தி காரை விட்டு இறங்கி ஒருவரையும் பார்க்காமல் தன் பட்டறைக்குள் போனார். மகளுக்குச் சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சேறு.

"என்ன பிள்ளை? ஆருக்கும் ஏதுமோ?"

"எங்களுக்கு ஒண்டுமில்லை அம்மா."

நாய்கள் துரத்திக்கொண்டுவந்த மான் ஒன்று காட்டோரத்தில் அவருக்கு முன்னால் வந்ததாம். இந்தக் காடுகளில் இருக்கிற சின்ன மான், ஆட்டளவுதான். அவர் சுட்டாராம். மானுக்குப் பட்டது, ஆனால் பின்பக்கத்தில். உடனே இரண்டாவது வெடி வைத்தால் அது அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவர் குறி வைத்து விசையை இழுத்தாராம், துவக்கு பேசவில்லை. உள்ளே இரும்பு பாதி வழியில் நின்றுவிட்டது. மான் காலை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. காயப்பட்டதை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. அதற்கென்று மோப்ப நாய் வைத்திருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு, அவர் வந்து, நாய் தேடி, பின்னேரம் ஓடைக்கரையில் முட்பற்றைக்குள் கண்டுபிடித்தார்களாம்.

"உயிரோடையோ?"

"ஓம் அம்மா. அவ்வளவு நேரமும்."

பட்டறையில் மருமகன் துவக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் மகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்தார். துணியில் சிவப்பு. இன்னொருமுறை விட்டார். சந்தனம் காய்ந்து, எண்ணெயோடு சேர்ந்து, பசை மாதிரி வந்தது. பட்டறை முழுவதும் எங்கள் சாமியறையின் மணம் எழும்பியது.

மகள் மெல்லத் திரும்பினாள்.

"அம்மா, உள்ளுக்கும் வைச்சனீங்களோ?"

"ஓம்."

"ஏனம்மா?"

"வேலை செய்யிற இடத்திலைதானே வைக்கிறது."

மருமகன் துணியை மடித்து மேசையில் வைத்தார். அவர் பொறுமையான மனிதர். "மாமி, சாமி பொட்டு வெளியிலை. உள்ளுக்கு வேண்டாம்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது சம்பந்தி எழும்பி வந்தார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தார். தன் நெஞ்சில் தட்டினார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவளுடைய கண் நிறைந்துவிட்டது.

"தன்ரை பிழையாம் அம்மா. தோள் நோகும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமல் பெலன் குறைஞ்ச தோட்டா வாங்கிப் போட்டவராம். அதாலைதான் இறுகினதாம். அப்பிடிப்பட்ட தோட்டாவோடை மானுக்குப் போனதே பிழையாம்."

சம்பந்தி துவக்குப் பெட்டியின் சாவியை மகனுடைய கையில் வைத்தார். இனித் தான் போகப்போவதில்லை என்றார். எந்த மொழியென்றாலும் எனக்கு அது விளங்கியிருக்கும்.

அதன்பிறகு நான் கீழே இறங்கவில்லை. ரோல்ஸைப் பொரித்து மகளிடம் கொடுத்துவிட்டேன். தட்டு கழுவித் திரும்பி வந்தது. வால்நட் வரவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தால் கீழே அவருடைய யன்னலில் அவர் தலை தெரியும். காடு மஞ்சளாகி, பிறகு சிவந்து, கொட்டத் தொடங்கியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் சாமியறைக்குப் போய் விளக்கேற்றுவேன். சந்தனக் கிண்ணத்தைக் கண்டால் முட்பற்றைக்குள் கிடக்கிற மான்தான் தெரியும். வாயில்லாத சீவன், காலையிலிருந்து பின்னேரம்வரை. நல்லது வரவேண்டும் என்று நான் வைத்த பொட்டு அதற்கு அப்படிப் போனது. ஊரில் இருந்தபோது துவக்கு வைத்திருந்தவர்களை எவ்வளவு சபித்திருப்பேன். நான் துவக்கைத் தூக்கவுமில்லை, ஒரு விரலால் தொட்டதற்கு இவ்வளவு.

"சீசன் முடியப்போகுது அம்மா. மாமா அசையிறாரில்லை," என்றாள் மகள் ஒருநாள். "வாற வருசம் லைசென்சும் எடுக்கமாட்டாராம்."

அன்றைக்கு நானே இறங்கிப் போனேன். அவர் பட்டறையில் சும்மா இருந்தார். எனக்குத் தெரிந்த ஜெர்மனைப் படியில் இறங்கும்போதே அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் நின்றதும் பாதி போய்விட்டது. என் விரலைக் காட்டினேன்.

"இஹ்," என்றேன். நான். பிறகு அவரைக் காட்டி, "சீ, நைன்." நீங்கள் இல்லை.

அவர் தலையை ஆட்டி மேசையில் கிடந்த தோட்டாவைத் தூக்கிக் காட்டினார். "நைன், மாமி. இஹ்."

"இஹ்!" என்றேன். எனக்கே தெரியாமல் சத்தமாக வந்துவிட்டது.

"இஹ்!" என்றார் அவரும்.

பஸ்ஸில் ரிக்கற் எடுக்கச் சண்டை பிடிக்கிற சொந்தக்காரர் மாதிரி நின்றோம். சத்தம் கேட்டு மகளும் மருமகனும் ஓடிவந்தார்கள். மருமகன் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். மற்ற வீடுகளில் நீ செய்தாய் நீ செய்தாய் என்று சண்டை, எங்கள் வீட்டில் மட்டும் நான் செய்தேன் நான் செய்தேன் என்று சண்டை என்றாராம். பிறகு அவர் ஒரு வழி சொன்னார். துவக்கு இப்போது துப்புரவாக இருக்கிறது. அப்பா போட்ட அதே தோட்டாக்கள் பெட்டியில் மிச்சம் இருக்கின்றன. ஞாயிறு போய் அதையே போட்டு மண் புறா சுடுவோம். இறுகினால் தோட்டாவில் பிழை. இறுகாவிட்டால் பொட்டில் பிழை.

ஞாயிறு வந்தது. வயலில் பனிப்புகார். சம்பந்தி வரமாட்டேன் என்றுதான் நின்றார், மகள் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். துவக்கை அவரிடமே கொடுத்தார்கள். பட்டனை என் கையில் தந்தார்கள்.

எதற்காகக் கும்பிடுவது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. துவக்கு இறுகிப்போனால் நான் தப்பிவிடுவேன். மானுடைய பழி என்னை விட்டுப் போய்விடும், அவருடைய தலையில் ஏறும். அவர் மறுபடி யன்னலடிக்குப் போய்விடுவார். ஒருகணம் அதை ஆசைப்பட்டேன் என்பதும் உண்மைதான். பிறகு அவருடைய முதுகைப் பார்த்தேன். கோட்டுக்குள் தோள் ஒருபக்கம் சரிந்து நின்றது. ஓடட்டும், அம்மாளாச்சி, நிற்காமல் ஓடட்டும், பிழை எனக்கே வரட்டும் என்று கும்பிட்டேன்.

"ஹொப்," என்றார். குரலே வரவில்லை.

அமத்தினேன். தட்டு பறந்தது. வெடித்தது. துவக்கின் உள்ளே இரும்பு ஓடிப் போய்த் திரும்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது தட்டையும் விட்டேன். அதுவும் வெடித்தது. வெறும் தோட்டாக்கள் புல்லில் துள்ளி விழுந்தன. மருமகன் திரும்பவும் ஏற்றிக் கொடுத்தார். சில தட்டுகள் தப்பிப் போயின, ஆனால் துவக்கு ஒருதரமும் நிற்கவில்லை. பெட்டி காலியாகும்வரைக்கும் நிற்கவில்லை.

சம்பந்தி துவக்கைத் தாழ்த்தி, கதவைத் திறந்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தோசப்படுவதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோசப்பட்டால் என்னைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று நினைத்திருப்பார்.

"இஹ்," என்றேன் நான், நெஞ்சில் கையை வைத்து.

அவர் மெல்லத் தலையாட்டினார். இந்தமுறை மறுத்துச் சொல்லவில்லை. அவர் மறுக்காததற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்லுவேன். என்னுடையது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு சரியாக வந்தது. பாரம் குறையவில்லை. ஆனால் அதைத் தூக்கவேண்டியவள் நானென்று தெரிந்துவிட்டது.

சீசனின் கடைசிக் கிழமையில் அவர் போனார். சரியான தோட்டாவோடு, தோள் நொந்தாலும் பரவாயில்லை என்று. என் மகள் பக்கத்தில் நின்றாள். ஒரே வெடியில் விழுந்ததாம். வீட்டு முற்றத்தில் காரைத் திறந்தபோது நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். மானுடைய வாயில் ஒரு சின்னத் தேவதாருக் கொப்பு வைத்திருந்தது.

"இது என்னத்துக்கு?"

"கடைசிச் சாப்பாடு அம்மா. விழுந்த மிருகத்துக்கு வேட்டைக்காரர் வைக்கிறது. வழக்கம்."

எங்களுடைய வாய்க்கரிசி.

"அண்டைக்கு அந்த மானுக்கும் வைச்சவரோ?"

"வைச்சவர். சேத்துக்குள்ளை முழங்காலிலை இருந்து வைச்சவர்."

எனக்கு அது போதும் என்று சொல்லமுடியாது. ஆனால் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடப் பூசைக்குத் துவக்கு பெட்டிக்குள் பூட்டியபடியே வந்தது. பொட்டைப் பெட்டியின் மூடியில் வைத்தேன். சாவித் துளைக்குக் கிட்டக்கூடப் போகவில்லை. சம்பந்தி என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்; முடிந்ததும் "கூட்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

அது பிறகு. அந்தக் கடைசிக் கிழமையில் அவர் மானின் முன்னந்தொடையை என் படியில் வைத்துவிட்டுப் போனார், ஒரு கூடை வால்நட்டும் பக்கத்தில் இருந்தது. மிளகாய்த்தூள் போட்டு, பெருஞ்சீரகம் வறுத்துப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, ஊரில் ஆட்டிறைச்சிக்குச் செய்வதுபோலப் பிரட்டினேன். ஞாயிறு எல்லோரும் மேலே வந்து சாப்பிட்டார்கள். மருமகன் இரண்டாம் தரம் போட்டார். சம்பந்திக்கு மூக்கால் தண்ணீர் ஓடியது, நிறுத்தவில்லை. மகள் என் தட்டிலும் ஒரு துண்டு வைத்தாள்.

நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். துண்டைச் சுற்றிச் சுற்றிக் குழைத்தேன். சமைத்தவள் சாப்பிடாவிட்டால் அவர் என்ன நினைப்பார் என்று இருந்தது. வாயில் வைக்கவும் முடியவில்லை. சம்பந்தி கதைத்துக்கொண்டே கையை நீட்டி, தன் முள்ளுக்கரண்டியால் அந்தத் துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். மகனோடு கதைத்ததை நிறுத்தவில்லை. பிறகு பருப்புச் சட்டியை என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.